பால் ஊற மினரல் பவுடர் என்று 6,400 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள், கைக்குழந்தை இருப்பவர்கள் படியுங்கள்

இன்று காலை அந்தப் பவுடர் விற்றவர்களின் நம்பர் என்னை பிளாக் செய்துவிட்டது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பிரசவமாகி இரண்டு மாதம் ஆகிறது. தாய்ப்பால் ஆலோசனை என்று பக்கம் நடத்தி, கூடவே சத்துப் பவுடரும் விற்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். பிள்ளை ராத்திரியெல்லாம் அழுகிறான், பால் பத்தவில்லை போல என்று ஒரு மெசேஜ்தான் போட்டேன். உடனே ஒரு அம்மா போன் செய்தார். பிள்ளை பெயரைக் கேட்டார். தையல் ஆறிவிட்டதா, ராத்திரி தூங்குகிறாயா என்றெல்லாம் கேட்டார். வீட்டில்கூட யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. "அழாத கண்ணு, நானும் ரெண்டு பெத்தவதான். உன் உடம்புல கால்சியமும் ஜிங்க்கும் இல்ல, அதான் பால் தண்ணியா இருக்கு. மூணு மாசம் குடி, பிள்ளை தேறிடுவான்" என்றார். போனை வைத்த கையோடு 6,400 ரூபாய் அனுப்பினேன்.

டப்பா வந்தது. கால்சியம் எத்தனை மில்லிகிராம், ஜிங்க் எத்தனை, ஒன்றுமே போடவில்லை. 'இயற்கைத் தாதுக்கள்' என்று மட்டும் இருந்தது. உணவுப் பொருள் விற்க அரசு கொடுக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணும் இல்லை. காலாவதி தேதி ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் உரித்தேன். அடியில் இன்னொரு தேதி, போன வருஷமே முடிந்துபோனது!

போட்டோ எடுத்து அனுப்பினேன். அதற்கப்புறம் கண்ணு இல்லை, மேடம்தான். "குடோன்ல கேட்டுச் சொல்றோம் மேடம்." "டப்பா திறந்தாச்சுல்ல, ரிட்டர்ன் கிடையாது." கடைசியாக, "உங்களுக்கு நம்பிக்கை இல்ல மேடம், அதான் பால் வரல." பிள்ளை பெற்றவளிடம் சொல்கிற வார்த்தையா இது?

தடுப்பூசிக்குப் போனபோது கிராம செவிலியர் அக்கா பிள்ளையை எடை போட்டார். நன்றாகவே ஏறியிருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போகிறானா என்று கேட்டார். போகிறான். அப்படியென்றால் பால் போதும் என்றார். நான் கால்சியம் குறைவாகச் சாப்பிட்டாலும் பாலில் பெரிதாகக் குறையாதாம், என் எலும்பிலிருந்து எடுத்துப் பாலுக்குப் போய்விடுமாம். மாத்திரை தாயின் உடம்புக்குத்தான். 60 மில்லிகிராம் இரும்புச்சத்து மாத்திரை, 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரை, இரண்டையும் கையில் கொடுத்தார். பிரசவத்துக்குப் பின் 180 நாளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். கால்சியத்தைச் சாப்பாட்டோடு போடணும், இரும்பு மாத்திரையைக் குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளிப் போடணும், சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது என்றும் சொன்னார். இதற்குப் போய் 6,400 ரூபாய்!

இன்னும் விவரமாக எழுத நினைத்தேன், பிள்ளை எழுந்துவிட்டான். மில்லிகிராம் போடாத டப்பாவை வாங்காதீர்கள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இருக்கிறதா பாருங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். பணம் அனுப்பிய ரசீதை அழிக்காதீர்கள். ஏமாந்திருந்தால் 1915, நுகர்வோர் உதவி எண், கூப்பிடுங்கள். நான் புகார் கொடுத்துவிட்டேன், என் 6,400 வரும்வரை விடப்போவதில்லை. அந்தப் பக்கத்தில் இந்த நிமிஷம்கூட ஆர்டர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.