கொறங்காட்டுக் களிமண்ணோடு பன்னிரண்டு வருசம்

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு கொறங்காடு இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கொறங்காடு என்றால் குரங்கு இருக்கும் காடு இல்லை. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேலா மரம், மாடும் ஆடும் மேய்வதற்கென்றே விட்டிருக்கும் மானாவாரி நிலம். காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் வளர்ந்தது இப்படிப்பட்ட காடுகளில்தான்.

இந்தப் பக்கத்துக் கொறங்காடு என்றாலே செம்மண்ணும் சரளையும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். எங்கள் காட்டின் மேற்பாதியும் அப்படித்தான். ஆனால் பள்ளத்தை ஒட்டிய கீழ்ப்பாதி வேறு. நிறம் மங்கலான பழுப்பு. மழை பெய்தால் செருப்போடு கால்கிலோ மண் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு முழம் தோண்டினால் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கட்டி, வெள்ளை வெள்ளையாகத் தலைகாட்டும். மண் பரிசோதனைக்கு முதல் தடவை மேட்டு மண்ணை மட்டும் அள்ளிக் கொடுத்துவிட்டு, வந்த முடிவு அட்டையை மொத்தக் காட்டுக்கும் பொருத்திப் பார்த்து நான் குழம்பியது தனிக்கதை. தப்பு என்னுடையதுதான்.

உங்கள் மண் எது என்று தெரிய ஆய்வகம்கூட வேண்டாம். ஒரு கை மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பட்டையாகத் தள்ளிப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்குள் ஒடிந்தால் களி குறைவு. ஐந்தைத் தாண்டியும் ஒடியாமல் தொங்கினால் சுத்தமான களி. நடுவில் ஒடிந்தால் களி கலந்த இருமண்பாடு. இருமண்பாடு என்றால் களி, மணல், வண்டல் மூன்றும் கலந்த மண். களி கலந்த வகையில் புத்தகக் கணக்கில் களி 27 முதல் 40 சதம், மணல் 20 முதல் 45 சதம், மீதி வண்டல். எங்கள் கீழ்க்காட்டு மண் நாலு சென்டிமீட்டர் வரை தாங்குகிறது, அதாவது இந்த நடு வகை.

இனி அனுபவத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு வருசம் இந்த மண் என்னை ஏமாற்றியது. சித்திரையில் கோடைமழை ஒரு தூறல் தூறினால் மேட்டுச் செம்மண் நாலே நாளில் பச்சை கட்டும். கீழே ஒன்றும் நடக்காது. நல்ல மண் என்று பேர், புல்லைக் காணோமே என்று எரிச்சல் வரும். அப்புறம்தான் காரணம் புரிந்தது. சரளை மண்ணில் சின்ன மழையும் சட்டென்று உள்ளே இறங்கி வேருக்குப் போய்விடுகிறது. களி மண் அதே மழையை மேல் இரண்டு விரல்கடையிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது, மறுநாள் வெயில் அதை உறிஞ்சிவிடுகிறது. அதனால் தூறலுக்கு இந்த மண் உதவாது.

ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்து ஆழம் வரை நனைந்துவிட்டால் கதை மாறும். ஒரு மீட்டர் ஆழத்தில் பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய ஈரம் 150 முதல் 200 மில்லிமீட்டர் வரை இந்த வகை மண்ணில் நிற்கும். மேட்டில் புல் மார்கழியிலேயே வைக்கோல் நிறத்துக்குப் போய்விட, கீழே மாசி வரை தூரில் பச்சை இருக்கும். இந்த இரண்டு மாதம்தான் எனக்குத் தீவனச் செலவில் மிச்சம். இரண்டு வகை மண்ணும் ஒரே வேலிக்குள் இருப்பது எங்கள் அதிர்ஷ்டம் என்று இப்போது சொல்வேன். ஒன்று சீக்கிரம் கொடுக்கும், இன்னொன்று தாமதமாக ஆனால் நின்று கொடுக்கும்.

பெரிய குறை ஒன்று உண்டு. அதை நான் காசு கொடுத்துக் கற்றேன். அப்பாரு (தாத்தா) இருந்தவரை, "ஈரத்துல படலைத் தொறக்காதீங்க கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மாடு வழுக்கி விழும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். நாலாம் வருசம், மழை விட்டு இரண்டாம் நாள், வீட்டில் சோளத்தட்டு தீர்ந்துபோன அவசரத்தில் ஆறு மாட்டையும் கீழ்க்காட்டில் விட்டேன். குளம்பு பதிந்த குழியெல்லாம் காய்ந்ததும் கல்லாகிவிட்டது. மிதிபட்டதில் மண்ணுக்குள் காற்றும் நீரும் போகிற துளைகள் நசுங்கிவிட, அடுத்த மழை உள்ளே இறங்காமல் பள்ளத்துக்கு ஓடியது. படலை ஒட்டிய முக்கால் ஏக்கரில் புல் செத்து, எருக்கும் முள்ளும்தான் வந்தன. சரளை மேட்டில் இதே தப்பைச் செய்திருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது.

சரிசெய்ய மூன்று வருசம் பிடித்தது. பதம் பார்த்து ஒரு உழவு ஓட்டி முதல் வருசம் சோளம், அடுத்த வருசம் கொள்ளு விதைத்தேன். கோடையில் வெடிப்பு விடுவதும் இந்த மண்ணின் குணம். அந்த வெடிப்பே பாதி வேலையைச் செய்தது, இறுகின மண் தானாகப் பிளந்து கொடுத்தது. பிறகு ஆட்டுப்பட்டி போட்டு, பத்து நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றினோம். கொழுக்கட்டைப் புல்லை விதையாகத் தூவியது வீண். மழைக்குப் பின் மேல்மண் பொருக்குக் கட்டியதில் முளை மேலே வரவில்லை. மேட்டிலிருந்து வேரோடு தூர் பெயர்த்து நட்டதுதான் பிடித்தது. நீர் தேங்குகிற மூலையில் அதுவும் அழுகியது. இந்தப் புல்லுக்கு ஈரக்கால் ஆகாது.

மற்ற உபயோகங்கள்: பண்ணைக்குட்டை வெட்டினால் இந்த மண்ணில் தண்ணீர் நிற்கும், தார்ப்பாய் விரிக்காமலே தை வரை நிற்கிறது. கொட்டகைச் சுவருக்கு வைக்கோல் கலந்து பூசினோம், இன்னும் விழவில்லை. தென்னை வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சுக்கான் கல் மேலாக இருக்கும் இடத்தில் வேண்டாம். சுண்ணாம்பு அதிகமான மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தும் வேருக்குக் கிடைக்காது, ஓலை மஞ்சளடிக்கும்.

போன மாதம் ஒருவர் வருசக் குத்தகைக்குக் கேட்டு வந்தார், ஆட்டுக்காரர், நல்ல விலைதான் சொன்னார். மேட்டுக்காட்டை அப்படியே கொடுத்துவிட்டேன். கீழ்க்காட்டுக்கு ஒரு நிபந்தனை: படல் பூட்டின் சாவி என்னிடம்தான் இருக்கும். மழை பெய்த பிறகு நான் போய்க் குதிகாலை அழுத்திப் பார்ப்பேன். தடம் பதியாத நாளில்தான் திறப்பேன். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.