இறகைப் பார்த்துப் பறவையைச் சொல்லும் செயலி: மாடப்புறாவை வைத்து ஒரு சோதனை

கீழே கிடந்த இறகைப் படமெடுத்துக் காட்டினால் அது எந்தப் பறவையினுடையது என்று சொல்லும் கைபேசிச் செயலி ஒன்றை மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். நகரத்தில் வசிப்பவர்களின் கண்ணில் அடிக்கடி படுவது மாடப்புறாவின் இறகுதான் என்பதால், அதைச் சரியாகச் சொல்லாத செயலியால் பயன் அதிகம் இருக்காது என்று கருதி, புறா வளர்க்கும் நண்பரின் கூண்டிலிருந்து உதிர்ந்த 14 இறகுகளை எடுத்துச் சோதித்தேன். எட்டு இறகுகளைச் சரியாகச் சொன்னது, ஆறில் தவறியது.

நீலச்சாம்பல் நிற வால் இறகுகளில் அது ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. நுனியை ஒட்டிக் கரும்பட்டை, ஓர வால் இறகாக இருந்தால் வெளிப்பக்கத்தில் வெண்மை என்று அடையாளம் தெளிவாக இருக்கும்போது சில நொடிகளில் விடை வருகிறது. விரிந்த வாலின் படத்தைக் காட்டி, 12 இறகுகளில் இது எந்த இடத்தில் இருந்திருக்கும் என்றும் விளக்குகிறது. இந்தப் பகுதியை மனமாரப் பாராட்டுகிறேன்.

நிறம் மாறியதும் சிக்கல் தொடங்குகிறது. வளர்ப்புப் புறாக்களிலும் தெருப் புறாக்களிலும் செம்பு நிறம், வெள்ளை, புள்ளி என்று பல வகைகள் உண்டு. செம்பு நிறப் புறாவின் வாலில் அந்தக் கரும்பட்டையே இருக்காது. அப்படிப்பட்ட வால் இறகைக் காட்டியபோது கள்ளிப்புறா என்று செயலி உறுதியாகச் சொன்னது. கள்ளிப்புறாவின் ஓர வால் இறகை அடிப்புறமாகத் திருப்பினால் அடிப்பாதி கறுத்தும் நுனிப்பாதி வெளுத்தும் தெரியும். என் கையில் இருந்த இறகில் அடியில் கருமையே இல்லை. இறகின் இருபுறத்தையும் படமெடுக்கச் சொல்லியிருந்தால் இந்தத் தவறு நேர்ந்திருக்காது.

சாம்பல் நிறப் பறத்தல் இறகுகள் இரண்டை வல்லூறு என்றது. வல்லூறின் பறத்தல் இறகில் குறுக்குப் பட்டைகள் வரிசையாக ஓடும்; நான் காட்டியவற்றில் ஒன்றுகூட இல்லை. வெள்ளைப் புறாவின் 16 செ.மீ. இறகைக் கொக்கு என்றது. நீளத்தைச் செயலி எங்குமே கேட்பதில்லை என்பதுதான் என் முதன்மையான குறை, ஏனெனில் பக்கத்தில் ஓர் அளவுகோல் இல்லாத இறகின் படத்தை வைத்து அது சிறு பறவையினுடையதா பெரும் பறவையினுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது.

உடல் இறகு ஒன்றுக்கு "இனங்காண இயலவில்லை" என்று வந்தது. அந்த நேர்மையை மதிக்கிறேன். மற்றொன்றைக் கோழி என்றது. கோழியின் உடல் இறகைத் திருப்பிப் பார்த்தால், தண்டின் அடியிலிருந்து மென்மையான இரண்டாவது சிற்றிறகு ஒன்று கிளைத்திருக்கும். புறாவுக்கு அது கிடையாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ்கூட வேண்டியதில்லை, வெளிச்சம் இருந்தால் போதும். அதே இறகைக் கறுப்புத் துணியில் மெல்லத் தேய்த்தேன். திருநீறு பூசினாற்போல் வெண்தூள் ஒட்டியது. புறாவின் உடல் முழுதும் படிந்திருக்கும் தூள் அது. கொக்குக்கும் சில கிளிகளுக்கும் தூள் உண்டு என்பதால் இது ஒன்றை மட்டும் சான்றாகக் கொள்ளக் கூடாது.

வியப்பு என்னவென்றால், இறகின் அடியிலுள்ள பஞ்சுப் பகுதி படச்சட்டத்துக்கு வெளியே போகும்படி படமெடுக்கச் செயலி வழிகாட்டுகிறது. 1960-இல் பாஸ்டனில் பறவைக் கூட்டத்தில் மோதி விமானம் விழுந்தபோது, சிதைந்த இறகுகளை ஆராய்ந்து அவை மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகள் என்று கண்டறிந்தவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பறவையியலாளர் ராக்ஸி லேபோர்ன். அவர் வளர்த்தெடுத்த துறையில் நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்படுவது பெரும்பாலும் இந்தப் பஞ்சுதான். அதன் நுண்ணிழைகளில் உள்ள கணுக்களின் வடிவம் பறவைக் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும். கைபேசிக் கேமராவுக்குக் கணு தெரியாது என்பது உண்மைதான், ஆனாலும் பஞ்சு எவ்வளவு நீளம், கிளை இறகு உண்டா என்பவை தெரியும்.

கழுத்து இறகு பற்றியும் ஒரு சொல். பச்சையும் ஊதாவும் மாறி மாறி மின்னும் அந்தச் சிறு இறகை ஒரே கோணத்தில் படமெடுத்தால் வெறும் சாம்பலாகிவிடுகிறது. சற்றுச் சாய்த்து எடுத்தபோது செயலி சரியாகவே சொன்னது.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். அளவுகோலுடனும் இருபுறமுமாக எடுத்த படத்தை ஏற்கும் பதிப்பு வந்தால் மறுபடி சோதிப்பேன். 14 இறகுகளும் எண்ணிட்ட காகித உறைகளில் இருக்கின்றன.