நுரையீரல் மாற்றியவர்களுக்கு வீட்டு ஸ்பைரோமீட்டர்: வாங்கலாமா?

வாங்கலாம். ஊதும் காற்று எவ்வளவு, எவ்வளவு வேகம் என்று அளக்கும் கருவி இது. அக்காவுக்கு இரண்டு நுரையீரலும் மாற்றி வீட்டுக்கு அழைத்து வந்த வாரமே, டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர் சொல்லி இதை வாங்கினோம். டர்பைன் வகை (ஊதும் காற்றில் சுற்றும் சின்னச் சக்கரத்தை வைத்து அளப்பது), புளூடூத்தில் போனோடு சேரும். விலை இருபதாயிரத்தைத் தொட்டது. மருந்துச் செலவு கழுத்தை நெரிக்கிற நேரத்தில் இது வேறா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்திவிட்டோம். இப்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை.

உடல் புது நுரையீரலை நிராகரிக்கிறதா என்று பார்க்கத்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும்தான். ஆனால் எங்களுக்கு இது கைகொடுத்தது இன்னொரு விஷயத்தில்: மூச்சுக்குழாய் சுருங்குவது.

ஆபரேஷனில் மூச்சுக்குழாயையும் நுரையீரலின் பெரிய ரத்தக் குழாய்களையும் இணைக்கிறார்கள். மூச்சுக்குழாய்ச் சுவருக்கே ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய தமனியைப் பெரும்பாலான இடங்களில் இணைப்பதில்லை. அதனால் கொடையாளரின் குழாய் முனை, முதல் சில வாரங்கள் நுரையீரலுக்குள்ளிருந்து பின்னோக்கிக் கசிந்து வரும் ரத்தத்தை நம்பித்தான் பிழைக்க வேண்டும். 1963இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹார்டி முதல் நுரையீரல் மாற்று செய்தார். அதன்பின் இருபது வருடம் இந்தத் தையல் ஆறாமலே பலர் போய்விட்டார்கள். 1983இல் டொராண்டோவில் ஜோயல் கூப்பரின் குழு, வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புச் சவ்வை எடுத்துத் தையலைச் சுற்றிப் போர்த்தியது. அந்த நோயாளி பல வருடம் வாழ்ந்தார்.

இன்று தையல் பிரிவது அபூர்வம். சுருக்கம்தான் தொல்லை. யாருக்கு வரும் என்று ப்ராங்கோஸ்கோப்பி (கேமரா குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்ப்பது) செய்யும் டாக்டரிடம் கேட்டேன், பொறுமையாகச் சொன்னார். கொடையாளரின் குழாயை நீளமாக விட்டுத் தைத்தால் முனைக்கு ரத்தம் எட்டாது. அதனால் குட்டையாக வெட்டுவார்கள். இரண்டு பேரின் குழாய் அளவும் ஒத்துப்போகாமல் இருப்பது, புது நுரையீரல் முதல் சில நாள் சரியாக வேலை செய்யாதது, வென்டிலேட்டரில் அதிக நாள் இருப்பது, ஆஸ்பர்ஜில்லஸ் மாதிரிப் பூஞ்சைத் தொற்று, தையல் ஆறும் முன்பே சிரோலிமஸ் மருந்து தொடங்குவது, எல்லாமே ஆபத்தைக் கூட்டும். அக்கா வென்டிலேட்டரில் நிறைய நாள் இருந்தாள். சளியில் பூஞ்சையும் வந்தது. "இவங்க விஷயத்துல கண்கொத்திப் பாம்பா இருக்கணும் தம்பி" என்றார்.

சரி, கருவிக்கு வருகிறேன். காலையில் மாத்திரைக்கு முன் உட்கார்ந்து, மூக்கில் கிளிப் போட்டு, மூச்சை முழுக்க இழுத்து, ஒரே வேகத்தில் வெடிப்பாக ஊத வேண்டும். நெஞ்சு காலியாகும் வரை நிறுத்தக் கூடாது. மூன்று முறை ஊதியதில் நல்லதை எடுத்துக்கொள்ளும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள்; காற்று பட்டால் உள்ளே இருக்கும் சின்னச் சக்கரம் தானே சுற்றுகிறது.

நாலாவது மாதத்தில், முதல் நொடியில் ஊதும் காற்றின் அளவு (எஃப்.இ.வி.1) 1.92 லிட்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக 1.70க்கு வந்தது. அக்காவுக்குக் காய்ச்சல் இல்லை, ஆக்சிஜன் 97. "எனக்கு ஒண்ணும் இல்லடா" என்றாள். பத்து சதவீதம் குறைந்தால் கூப்பிடச் சொல்லியிருந்தார்கள், கூப்பிட்டோம். ஊதும் காற்றின் வேகத்தை ஆப் வரைந்து காட்டும் வளைகோட்டைப் பார்த்ததுமே டாக்டருக்குச் சந்தேகம்: முதலில் சட்டென்று இறங்கி, அப்புறம் மெதுவாக இழுத்துக்கொண்டே போனது. ஒரு பக்கம் சீக்கிரம் காலியாகி, மறுபக்கம் அடைபட்டு வெளியேறும்போது அப்படி வரும் என்றார். ப்ராங்கோஸ்கோப்பியில் வலப்பக்கம் தையலுக்குக் கீழே குழாய் ஒடுங்கியிருந்தது. பலூன் வைத்து விரித்தார்கள். மறுபடி சுருங்கியது, மறுபடி விரித்தார்கள். ஸ்டென்ட் வரை போகவில்லை. அளவு 1.88இல் நின்றது.

இனி குறைகள். ஆப் எண்ணைப் பெரிதாகக் காட்டுகிறது. வளைகோட்டை மூன்று திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறது. எங்களைக் காப்பாற்றியது அந்தக் கோடு. தினமும் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விற்ற கடையில் மவுத்பீஸ் எப்போது கேட்டாலும் "ஸ்டாக் இல்லை". முதலிலேயே ஒரு பெட்டி சேர்த்து வாங்கிவிடுங்கள். டர்பைனைக் கிருமிநாசினியில் ஊறவைத்து, சுத்தமான நீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். ஒரு தலைமுடி சிக்கினாலும் அளவு தப்பும்.

இதை வைத்துக்கொண்டு ப்ராங்கோஸ்கோப்பியைத் தள்ளிப் போடாதீர்கள். இரண்டு நுரையீரலும் மாற்றியவருக்கு ஒரு பக்கம் லேசாகச் சுருங்கினால், மறுபக்கம் ஈடுகட்டி எண்ணை நல்லபடியாகவே காட்டிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் கருவியையும் எடுத்துப்போய், அங்குள்ள பெரிய மெஷினில் ஊதியதும் இதிலும் ஊதிப் பாருங்கள். இரண்டுக்கும் எப்போதும் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று தெரிந்தால்தான், வீட்டில் வரும் எண்ணை டாக்டர் நம்புவார்.