வீட்டுக் கொம்புச்சாவில் ஆல்கஹால் எவ்வளவு? ஹைட்ரோமீட்டர் அனுபவம்

கொம்புச்சா (சர்க்கரை போட்டு நொதிக்க வைத்த டீ), இஞ்சி பியர் என்று வீட்டிலேயே நொதிக்க வைத்துக் குடிப்பவர்கள் ஒரு ஹைட்ரோமீட்டர் (திரவத்தில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும் கண்ணாடிக் குழாய்) வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. சென்னை வெயிலில் சில வருடங்களாக இதை வைத்து மல்லுக்கட்டியதில் எனக்குப் புரிந்தது இதுதான்.

நான் வாங்கியதற்குக் காரணம் மாமியார். பிள்ளைகளுக்கு இஞ்சி பியரை ஊற்றிக் கொடுக்கும்போதெல்லாம், "ஏம்மா, இதுல போதை கீதை ஒண்ணும் இல்லையே?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். சர்க்கரையும் ஈஸ்டும் சேர்ந்தால் ஆல்கஹால் வந்தே தீரும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 0.5 சதவீதத்தைத் தாண்டினால் அது மதுபானக் கணக்கு. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் வேறு இருக்கிறது, வீட்டில் ஒயின் போடும் ஆசையெல்லாம் வேண்டாம்.

கருவி எளிமையானது. பால்காரரின் லாக்டோமீட்டருக்கு இது அண்ணன் தம்பி முறை. சர்க்கரைக் கரைசலில் உயர்ந்து மிதக்கும், சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற அமிழும். சுத்தமான தண்ணீரில் 1.000 என்று காட்டும், 0.001 என்பது ஒரு புள்ளி. நொதிக்கும் முன் பார்த்த தொடக்க அளவிலிருந்து கடைசி அளவைக் கழித்து 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம். 1.040-இல் தொடங்கி 1.036-க்கு வந்தாலே 0.5-ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். வெறும் நான்கு புள்ளி!

இங்கேதான் வெயில் விளையாடும். பல ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரிக்கு அளவு செய்யப்பட்டவை. நம் வீட்டுச் சமையலறையில் 30 டிகிரி என்பது சாதாரணம். அந்தச் சூட்டில் சுத்தமான தண்ணீரே இரண்டரைப் புள்ளி குறைவாகக் காட்டும். டீயை இறக்கி, பாதி ஆறியதும் 40 டிகிரியில் தொடக்க அளவு எடுத்தால் ஏறக்குறைய ஆறு புள்ளி போய்விடும். அப்புறம் கடைசி அளவை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலில் பார்த்தால் கணக்கில் ஆல்கஹாலே இல்லை என்று வரும். அதனால் இரண்டு அளவையும் ஒரே சூட்டில் எடுப்பேன், கிண்ணத்தில் ஐஸ் தண்ணீர் வைத்து ஜாடியை அதில் நிறுத்தி 20-க்குக் கொண்டுவருவேன். புதுக் கருவியைச் சோதிக்கவும் இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான். உப்பேறிய போர் தண்ணீர் ஏமாற்றும்.

அடுத்த தொல்லை நுரை. குமிழ்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கருவியை மேலே தூக்கும். டபராவிலும் டம்ளரிலுமாக நன்றாக ஆற்றி, கேஸ் முழுக்கப் போன பிறகே ஜாடியில் ஊற்ற வேண்டும். கருவியை ஒரு சுழற்று சுழற்றி விட்டால் மிச்சக் குமிழும் உதிரும்.

கொம்புச்சாவுக்கு இந்தச் சூத்திரம் சரிவராது. ஈஸ்ட் உண்டாக்கும் ஆல்கஹாலில் ஒரு பகுதியை பாக்டீரியா அசிட்டிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. சர்க்கரை குறைந்த அளவுக்கு ஆல்கஹால் மிச்சம் இருக்காது. இதற்குக் கொதிக்க வைக்கும் முறை உண்டு: அளவு பார்த்த பானத்தைப் பாதியாகச் சுண்டவைத்து, ஆறியதும் டிஸ்டில்டு வாட்டரால் பழைய அளவுக்கு நிரப்பி மறுபடி பார்ப்பது. ஆல்கஹால் பறந்துவிடுவதால் எண் ஏறும், ஒரு சதவீதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைப் புள்ளி. அப்படியானால் 0.5 சதவீதத்துக்கு ஒரு புள்ளிகூட இல்லை. என் கருவியில் ஒரு கோடே இரண்டு புள்ளி! பானம் மூன்று சதவீதம் ஏறியிருந்தால் பிடித்துவிடலாம், 0.4-ஆ 0.6-ஆ என்பதைச் சொல்ல ஆய்வுக்கூடம்தான் வேண்டும்.

சாராயம் அளக்கும் ஆல்கஹால் மீட்டரை இதற்கு வாங்காதீர்கள். அது தண்ணீரும் ஆல்கஹாலும் மட்டும் கலந்ததற்கு. சர்க்கரை இருந்தால் உளறும். ஹைட்ரோமீட்டரிலேயே 'வரக்கூடிய ஆல்கஹால்' என்று ஒரு அளவுகோல் இருக்கும், அதை முடிந்த பானத்தில் படித்துப் பயந்தவர்கள் உண்டு. அது மிச்சச் சர்க்கரை முழுக்க நொதித்தால் எவ்வளவு வரும் என்பதற்கானது.

இன்று வாங்குவதென்றால் மூன்று அளவுகோல் போட்ட பொதுக் கருவியை விட்டுவிட்டு, 1.000 முதல் 1.050 வரை மட்டும், ஒரு புள்ளிக்கு ஒரு கோடு போட்டதைத் தேடுவேன். பாரிமுனைப் பக்கம் ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.