மஞ்சள் சளிப்பூஞ்சைப் பெட்டி: உயிர் அருமை, கையேடு பிழை

ஐந்துக்கு மூன்றரை. அதில் மூன்று பெட்டிக்குள் வந்த மஞ்சள் உயிருக்கு, அரை விற்றவரின் மரியாதைக்கு, கையேட்டுக்கு ஒரு புள்ளியும் இல்லை.

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். படத்தில் மட்டுமே பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு ஒரு தடவையாவது நேரில் காட்டலாம் என்று, கொழும்பிலேயே ஒன்லைனில் விற்கும் ஒருவரிடம் இந்த வளர்ப்புப் பெட்டியை வாங்கினேன் (பெயர் வேண்டாம், நல்ல பிள்ளை). 4,800 ரூபாய். இரண்டாம் நாளே வாசலுக்கு வந்துவிட்டது. வடிதாளில் காய்ந்து ஒட்டியிருந்த ஃபைசாரம் பாலிசெபாலம் என்ற மஞ்சள் சளிப்பூஞ்சைத் துண்டு ஒன்று, மூன்று பெட்ரிக் கிண்ணம், ஏகார் தூள் (காய்ச்சி ஊற்றினால் கூழாக உறைவது), ஓட்ஸ், ஒரு பூதக்கண்ணாடி. பெயரில்தான் பூஞ்சை, உண்மையில் இது அமீபாக்களின் சொந்தக்காரன், எங்கள் புத்தகத்துப் பங்கசு வகுப்பில் சேராது.

ஏகார் தூள் ஈரம் ஏறிக் கட்டியாகியிருந்தது. கொழும்புக் காற்றுக்கு அந்தப் பை தாங்காது. புறக்கோட்டையில் நோன்புக் காலத்துக்கு வாங்கும் கடற்பாசியைச் சீனி போடாமல் காய்ச்சி ஊற்றினேன், அது அருமையாக உறைந்தது. எறும்புதான் பெரிய தலைவலி. கிண்ணங்களை ஒரு தட்டில் வைத்து, அந்தத் தட்டைத் தண்ணீருக்குள் நிறுத்திய பிறகுதான் தப்பியது. மத்தியானச் சூட்டில் பூஞ்சை சுருங்கிப் படுத்துவிடுகிறது, அதனால் மண்பானைப் பக்கத்தில் இருட்டுக்குள் வைத்தேன்.

அடுத்த நாள் காலை மூடியைத் திறந்தால் ஓட்ஸ் ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்து மஞ்சள் நரம்பாகப் பரவிக் கிடந்தது. போன் வெளிச்சத்தைக் கீழிருந்து அடித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், நரம்புக்குள் சாறு ஒரு பக்கம் ஓடி, நின்று, ஒரு நிமிடம் போனதும் வந்த வழியே திரும்பி ஓடுகிறது. "சேர், இதுக்கு இதயம் இருக்கா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அந்தக் கேள்விக்கே 4,800 ரூபாய் சரி.

இப்போது கையேட்டுக்கு வருவோம். "சளிப்பூஞ்சைகளில் டியூபியூலினுக்கு அல்பா ஒன்று, பீட்டா ஒன்று, மொத்தம் இரண்டே பரம்பரையலகுகள்" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். டியூபியூலின் என்பது கலத்துக்குள் நுண்புன்குழாய்களைக் கட்டும் செங்கல்; கலப்பிரிவுக்கும் நீந்தும் வாலுக்கும் இந்தக் குழாய்கள்தான் வேண்டும். அல்பாவும் பீட்டாவும் சோடி சேர்ந்தால் ஒரு கல். கையேட்டில் உள்ள கணக்கு டிக்டியோஸ்டீலியம் என்ற வேறொரு சளிப்பூஞ்சைக்குப் பொருந்தும், அதற்கு உண்மையிலேயே அல்பா ஒன்று, பீட்டா ஒன்றுதான். ஆனால் காசு கொடுத்து வாங்கியது ஃபைசாரத்தை ஐயா! இதில் அல்பாவுக்குக் குறைந்தது நான்கு பரம்பரையலகு இடங்களும் பீட்டாவுக்குக் குறைந்தது மூன்று இடங்களும் உண்டு என்று 1980களிலேயே கண்டுவிட்டார்கள். இரண்டு உயிர்களையும் ஒரே சட்டிக்குள் போட்டுக் கிண்டிய மாதிரி இருக்கிறது.

இது நுணுக்கம் பார்க்கிற வாத்தியாரின் வீம்பு இல்லை, இந்த உயிரின் சுவையே அங்கேதான் இருக்கிறது. ஃபைசாரத்துக்கு இரண்டு வாழ்க்கை. ஒன்று கிண்ணத்தில் பரவுகிற மஞ்சள் விரிப்பு, மற்றது கண்ணுக்குத் தெரியாத தனி அமீபா, தண்ணீர் பட்டால் சவுக்குமுளை என்ற வால் முளைத்து நீந்தக்கூடியது. டியூபியூலின் வகைகளில் அல்பா 1, பீட்டா 1 இரண்டு வாழ்க்கைக்கும் பொது, அல்பா 2உம் பீட்டா 2உம் மஞ்சள் விரிப்பில் மட்டும், அல்பா 3 அமீபா பக்கத்தில் மட்டும் என்று 1983இல் பர்லண்ட் (Burland), கல் (Gull) முதலிய ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். அந்த அல்பா 3 புதிய பரம்பரையலகு அல்ல, அல்பா 1இன் மேல் அசெற்றைல் என்ற சிறு இரசாயனக் கூட்டம் ஒட்டிய வடிவம் என்று பின்னால் தெரிந்தது. கலப்பிரிவும் அப்படித்தான்: அமீபா கருவைச் சுற்றிய உறையைத் திறந்து பிரிகிறது, மஞ்சள் விரிப்பு உறையை மூடி வைத்துக்கொண்டே உள்ளே பிரிகிறது. டிக்டியோஸ்டீலியத்துக்குச் சவுக்குமுளையே கிடையாது. ஒரு சோடி கல்லோடு அது காலத்தை ஓட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, மஞ்சள் விரிப்பில் கோடிக்கணக்கான கருக்கள் ஒரே நேரத்தில், சுமார் எட்டுப் பத்து மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பிரிகின்றன. டியூபியூலினைச் செய்யச் சொல்லும் செய்தி ஆர்.என்.ஏ., பிரிவுக்குச் சற்று முன்னர்தான் குவிகிறது, முடிந்ததும் சிதைக்கப்படுகிறது. கலியாண வீட்டுக்கு வாடகைக் கதிரை இறக்குகிற மாதிரி, முகூர்த்தம் முடிந்ததும் லொறி வந்துவிடும். வகுப்பில் இதைச் சொன்னபோதுதான் பின்வரிசையும் நிமிர்ந்தது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கார்த்திகைப்பூவையாவது போட்டிருக்கலாம். அதன் கிழங்கில் இருக்கும் கொல்கிசின், டியூபியூலினில் ஒட்டி நுண்புன்குழாய் கட்டவிடாமல் செய்கிற நஞ்சு. வடக்கில் வளர்ந்த எவருக்கும் அந்தக் கிழங்கு நஞ்சென்று தெரியும், ஏன் நஞ்சென்று சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? அதை விட்டுவிட்டு, இந்தச் சளிப்பூஞ்சை சிக்குவழிக்குள் (maze) குறுக்குவழி கண்டுபிடிக்கும் ஜப்பானியப் பரிசோதனையை அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். 2000இல் வந்தது, நல்ல பரிசோதனைதான், ஆனால் அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது.

"வாழ்க்கை வட்டம் முழுவதும் காணலாம்" என்ற வாக்குறுதியும் பொய். பட்டினி போட்டு வெளிச்சத்தில் வைத்தால் வித்தி வரும் என்றார்கள், எங்களுக்கு மூன்று தடவையும் பச்சைப் பூசணம்தான் வந்தது. அமீபாவைப் பார்க்க இந்தப் பூதக்கண்ணாடி எப்படியும் போதாது.

விற்பவருக்கு வாட்ஸ்அப்பில் பிழையை அனுப்பினேன். "சரி சேர், அடுத்த அச்சில திருத்திறம்" என்று உடனே பதில் வந்தது, ஏகாருக்கு 300 ரூபாயும் திருப்பித் தந்தார். அந்த மரியாதைக்கு அரைப் புள்ளி கூட்டித்தான் மூன்றரை.

அடுத்த முறை காய்ந்த துண்டை மட்டும் தனியாகக் கேட்டு வாங்குங்கள், மிச்சமெல்லாம் உங்கள் குசினியிலேயே இருக்கிறது. எங்கள் துண்டை மறுபடி காயவைத்து ஒரு பழைய ரின்னில் போட்டிருக்கிறேன், வெளியே "மஞ்சள் தூள் அல்ல" என்று கொட்டை எழுத்தில் எழுதி.