டப், தெர்மாகோல், பஃப் பெட்டி: கடலூர் வெயிலில் எதில் ஐஸ் நிற்கும்?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஏலம் முடிந்து பண்ருட்டி, நெய்வேலிப் பக்கம் கிளம்பும் மீன் பெரும்பாலும் மூன்று வகைப் பெட்டிகளில் போகிறது. ஒற்றைச் சுவர் பிளாஸ்டிக் டப், வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி, இரண்டு பிளாஸ்டிக் சுவருக்கு நடுவே பஃப் (பாலியூரிதேன்) நுரை அடைத்த ஐஸ் பாக்ஸ். எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பதினோராம் வகுப்பு இயற்பியலில் வரும் இரண்டே சூத்திரங்களை வைத்துப் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மீனைக் குளிர வைப்பது ஐஸ். அந்த ஐஸை வெளிவெப்பம் தின்னாமல் காப்பதுதான் பெட்டியின் வேலை. மீனின் தன்வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறத்தாழ 3.5 கிலோஜூல். ஐஸ் உருகும்போது கிலோவுக்கு 334 கிலோஜூல் வெப்பத்தை உள்வாங்குகிறது. 30 டிகிரியில் இருக்கும் 20 கிலோ சங்கராவை 0 டிகிரிக்குக் கொண்டுவர 2,100 கிலோஜூல் எடுக்க வேண்டும், அதற்கு 6.3 கிலோ ஐஸ் போதும். அதாவது மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு ஐஸ். ஆனால் மீனுக்குச் சமமாக ஐஸ் போடு என்பதுதான் எங்கும் சொல்லும் கணக்கு. இடையில் இருக்கும் அந்த மிச்சம் பெரும்பாலும் சுவர் வழியாக நுழையும் வெப்பத்துக்கான தண்டம். பெட்டிக்குப் பெட்டி மாறுவது இந்தத் தண்டம்தான்.

மூன்றுக்கும் ஒரே வெளியளவு வைத்துக்கொள்வோம்: 50 × 40 × 35 செ.மீ. மொத்தப் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். வெளியே 32 டிகிரி, உள்ளே 0.

சுவர் வழியே ஒரு நொடிக்கு நுழையும் வெப்பம் = கடத்துத்திறன் × பரப்பு × வெப்பநிலை வித்தியாசம் ÷ சுவரின் தடிமன். தெர்மாகோலின் வெப்பக் கடத்துத்திறன் (ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, வாட் கணக்கில்) சுமார் 0.035. சுவர் இரண்டரை செ.மீ. என்றால் 45 வாட் உள்ளே வரும். மணிக்கு அரைக் கிலோ ஐஸ் போகும். பஃப் நுரைக்கு 0.025, ஐந்து செ.மீ. சுவரில் 16 வாட்தான், மணிக்கு 170 கிராம். எட்டு மணி நேர வியாபாரத்துக்குத் தெர்மாகோலில் தண்டம் 4 கிலோ, பஃபில் ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே.

பிளாஸ்டிக் டப்புக்கு இதே சூத்திரத்தைப் போட்டால் விடை தலைசுற்ற வைக்கும். கடத்துத்திறன் 0.45, சுவர் 3 மி.மீ. கணக்கு 4,800 வாட் என்கிறது. அப்படி நடந்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ஐஸ் காணாமல் போக வேண்டும், போவதில்லை. சூத்திரம் தப்பில்லை. சுவரின் வெளிப்பக்கமே 32 டிகிரியில் இருப்பதாக நாம் வைத்துக்கொண்டதுதான் தப்பு. டப்பைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்றிருக்கும். வெளிக்காற்றிலிருந்து சுவருக்கு வெப்பம் வந்து சேர்வதே இங்கே கஷ்டம்; சுவரை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 வாட்தான் விடும். ஆக 320 வாட், மணிக்குச் சுமார் மூன்றரைக் கிலோ ஐஸ். டப்பைக் காப்பாற்றுவது பிளாஸ்டிக் இல்லை, காற்று. வண்டி ஓடத் தொடங்கினால் அந்தப் படலமும் மெலிந்துவிடும். எட்டு மணி நேரத்துக்கு 27 கிலோ என்றால் மீனைவிட ஐஸ் எடை கூடுதல். துறைமுகத்துக்குள்ளேயே ஒரு மணி நேரம் வைத்து எடுக்க, கழுவி அடுக்க டப் நல்லது. சாலையில் ஏற்றாதீர்கள்.

இதோடு கடற்கரைக்கே உரிய இன்னொரு சங்கதி சேர்கிறது. "பொட்டி வேர்க்குது பாரு தம்பி, ஐஸ் தங்காது" என்று தலைச்சுமைக்காரப் பெண்கள் சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு பாடமே இருக்கிறது. இங்குள்ள ஈரக்காற்றில் பனிநிலை (நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கோடையில் 25 டிகிரியை ஒட்டியே நிற்கும். பெட்டியின் வெளிப்பக்கம் அதற்குக் கீழே போனால் காற்றிலுள்ள நீராவி அதன்மேல் படியும். படியும் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ இரண்டரை கிலோஜூலைச் சுவரில் இறக்கிவிட்டுப் போகும். அது 7 கிராம் ஐஸை உருக்கும். டப் சொட்டச் சொட்ட வேர்ப்பது இதனால்தான். நல்ல தெர்மாகோல் பெட்டியின் வெளிப்பக்கம் 27, 28 டிகிரியில் நிற்பதால் வேர்ப்பதில்லை. ஒரு மூலை மட்டும் வேர்த்தால் அங்கே விரிசல் இருக்கிறது, அல்லது நுரைக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். தண்ணீரின் கடத்துத்திறன் 0.6, அடைபட்ட காற்றுக்கோ 0.026. பழைய பெட்டி வாங்குபவர்கள் ஐஸ் நிரப்பி அரை மணி நேரம் நிழலில் வைத்து, உள்ளங்கையால் நாலு பக்கமும் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

இனி விலை கேட்கும் கேள்வி: பஃப்தான் வாங்க வேண்டுமா? பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், தடிமனைப் பாருங்கள் என்பேன். இரண்டரை செ.மீ. பஃப் சுவரைவிட நாலு செ.மீ. தெர்மாகோல் சுவர் குறைவாகவே வெப்பத்தை விடும். 0.025-ஐ 2.5-ஆலும், 0.035-ஐ 4-ஆலும் வகுத்துப் பார்த்தால் தெரியும். கடையில் மூடியைத் திறந்து சுவரை அளந்து பார்க்கிறவர்கள் குறைவு. ஆனால் தடிமனுக்கும் ஒரு விலை உண்டு: அதே வெளியளவில் இரண்டரை செ.மீ. சுவருக்கு உள்ளே 47 லிட்டர் இடம், ஐந்து செ.மீ. சுவருக்கு 30 லிட்டர்தான். 20 கிலோ மீனும் ஐஸும் அதில் அடங்காது. ஒரு அளவு பெரிய பெட்டி வாங்க வேண்டும், டிவிஎஸ் எக்ஸ்எல் கேரியரில் அது உட்காருமா என்றும் பார்க்க வேண்டும்.

தெர்மாகோலுக்கு எதிராக எனக்கு உள்ள மனக்குறை வெப்பம் சம்பந்தப்பட்டது இல்லை. மூலை உடைந்து, செலோடேப் சுற்றி, அதுவும் பிய்ந்து, கடைசியில் வெள்ளை மணிமணியாக உப்பனாற்றில் மிதக்கிறது. மீன் ரத்தம் இறங்கிய தெர்மாகோலைச் சுத்தமாகக் கழுவவும் முடியாது. தினமும் வெளியூர் போகிறவர்களுக்கு, காசு புரட்ட முடிந்தால், தடித்த பஃப் பெட்டிதான் என் தேர்வு. வாரம் ஒரு நாள் போகிறவர்களுக்கு, உடையாத வரை, தெர்மாகோல் போதும்.

பஃப் பெட்டிக்கு ஒரு பலவீனம் உண்டு, யாரும் சொல்வதில்லை. தெர்மாகோல் பெட்டி எடையே இல்லாதது. வெயிலில் கிடந்தாலும் அதில் தேங்கும் வெப்பம் சொற்பம். பஃப் பெட்டியில் கிலோக்கணக்கில் பிளாஸ்டிக் இருக்கிறது. ஆறு கிலோ பிளாஸ்டிக் சராசரியாக 20 டிகிரி குளிர வேண்டுமென்றால் 240 கிலோஜூல், முக்கால் கிலோ ஐஸ் அதற்கே போய்விடும். முந்தைய நாள் மிச்ச ஐஸை ராத்திரியே உள்ளே போட்டு மூடி வைத்தால் இந்தச் செலவு இல்லை.

வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். கத்திரி நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் 900 வாட் அளவுக்கு விழும். மூடியின்மேல் மட்டும் 180 வாட். வெள்ளை மூடி பெரும்பகுதியைத் திருப்பிவிடும், கருநீலம் வாங்கி வைத்துக்கொள்ளும். மூடிமேல் நனைத்த சாக்கைப் போடுவது வெறும் பழக்கமில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 2,400 கிலோஜூல் வேண்டும்; வெயில் கொடுப்பதில் ஒரு பங்கு அந்தச் சாக்கோடு முடிந்துவிடும். ஈரக்காற்றில் ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும், வண்டி ஓடும்போது வேகம் பிடிக்கும்.

எந்தப் பெட்டியானாலும் அடியிலுள்ள தண்ணீர்த் துளையைத் திறந்தே வைத்திருக்காதீர்கள். குளிர்காற்று கனமானது, மூடியைத் திறந்தாலும் உள்ளேயே தேங்கி நிற்கும். கீழே துளை இருந்தால் வழிந்து இறங்கிவிடும், மூடி இடுக்கு வழியே சூடான காற்று அந்த இடத்தை நிரப்பும். பாதி வழியில் ஒருமுறை நிறுத்தி, ரத்தத் தண்ணீரை வடித்து, அடைப்பானைத் திரும்ப இறுக்கிவிடுங்கள்.