ப்ராக்ஸ்மாக்ஸ் 7-லிருந்து 8-க்கு: லைவ் மைக்ரேஷனா, பேக்கப்பா?

ப்ராக்ஸ்மாக்ஸ் என்பது ஒரு சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருள். அதன் 7-ம் பதிப்பு ஓடும் சர்வரிலிருந்து 8-ம் பதிப்பு ஓடும் சர்வருக்கு அவற்றை மாற்ற இந்த இரண்டு வழிகளை ஒப்பிடலாம்.

சேவை நிற்குமா: லைவ் மைக்ரேஷனில் மெய்நிகர் கணினி ஓடிக்கொண்டே இடம் மாறும். பேக்கப் வழியில் அணைத்து, நகலெடுத்து, மறுபக்கம் மீட்டெடுக்கும் வரை சேவை இல்லை.

திசை: இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு லைவாக மாற்றலாம். திரும்பி வருவதை நம்ப வேண்டாம். புதிய க்யூஇஎம்யூவின் (மெய்நிகர் கணினியை இயக்கும் உள் மென்பொருள்) மெஷின் பதிப்பு, அதாவது அது காட்டும் மெய்நிகர் வன்பொருளின் பதிப்பு, பழைய சர்வருக்குத் தெரியாது. சிபியு வகை 'ஹோஸ்ட்' (சர்வரின் ப்ராசசரை அப்படியே காட்டும் அமைப்பு) என்றிருந்தால் இரு பக்கமும் ஒரே மாதிரி ப்ராசசர் வேண்டும்.

பாதுகாப்பு: பேக்கப்பில் பழைய கணினி அப்படியே இருக்கும். எனக்கு இதுதான் பெரிய நிம்மதி.

ஒரே கிளஸ்டர் (ஒன்றாக இணைத்து நிர்வகிக்கும் சர்வர்கள்), நிறுத்த முடியாத சேவை என்றால் லைவ் மைக்ரேஷன். தனித்தனி சர்வர்கள், இரவில் கொஞ்ச நேரம் நிறுத்தலாம் என்றால் பேக்கப். அப்புறம், பழைய கணினியையும் மீட்டெடுத்த நகலையும் ஒரே நேரத்தில் இயக்காதீர்கள், ஐபி மோதும்.